முழுங்கிக்கு வந்த மெய்ம்மயக்கம்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநருக்கு மயக்க நோய் இருப்பதாக எழுத்து மூலம் புகார் வந்தால், மருத்துவச் சான்று கிடைக்கும்வரை அவருடைய உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும். சான்று கிடைத்தபின் தாமதமின்றிப் பதில் தர வேண்டும். விதி இவ்வளவுதான். நல்ல விதி. வேலைக்காலம் முழுவதும் அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். நல்ல விதியைக் கண்டால் என் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். ஆனால் இதை எழுதிய புண்ணியவான், மயங்கி விழுவது ஓட்டுநர்தான் என்று நினைத்துவிட்டார். ஓட்டுநர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, அவர் வாயிலிருந்து வரும் சொற்கள் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்கவும் முடியாது. அவருக்கு முழுங்கியைத் தெரியாது.

தமிழ் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, அதன் சொற்களை நடுவில் கடித்துத் தின்றவர்களில் முழுங்கிக்கு நிகராக ஒருவர் பிறந்ததில்லை. பினாங்குத் தீவை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் எனக்குக் கீழ்மாடி அவர் வீடு. தமிழ்ப்பள்ளி வேன் ஓட்டுகிறார். ஸ்டியரிங்குக்கும் அவருக்கும் நடுவே ஒரு வயிறு இருக்கிறது. இதுவரை விழுங்கிய எழுத்துகளெல்லாம் அதற்குள்தான் சேர்ந்திருக்கின்றன என்பது எங்கள் ப்ளாக்கின் ஒருமனதான கருத்து. ஒரு சொல்லை எடுத்தால் தலையும் வாலும் நமக்கு, நடுத்துண்டு அவருக்கு. மீன் வாங்குகிறவர்களைக் கேளுங்கள், நடுத்துண்டுதான் ருசி என்பார்கள்.

என்னை எல்லாரும் கிராணி அண்ணே என்று கூப்பிடுவார்கள். கிராணி என்றால் குமாஸ்தா; ஓய்வு பெற்று எவ்வளவு காலமானாலும் இந்த ஊரில் கிராணி கிராணிதான். முழுங்கிக்கு நான் கிரண்ணே. வானொலியில் செந்தமிழ் கேட்டுக் கேட்டு நீளமான சொற்கள்மேல் அவருக்கு ஒரு தனி ஆசை. நீளமான சொல்லில் தின்பதற்கு நிறைய இருக்கும் அல்லவா? ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லிவிட்டுப் போகலாம். இவர் மருத்துவமனை என்றுதான் ஆரம்பிப்பார். வெளியே வரும்போது அது மருமனை ஆகியிருக்கும். ஒருமுறை அவர் மாமியார் மருமனையில் படுத்திருப்பதாகச் சொன்னார். சரி, கிழவி மருமகள் வீட்டுக்குப் போய்ச் சொகுசாகப் படுத்திருக்கிறாள் என்று நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் இன்றுவரை எங்கள் மாடிப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை.

கோயில் கமிட்டி ஒரு தடவை அவர் கையில் மைக்கைக் கொடுத்தது. குரல் கணீரென்று இருக்கும், அதனால்தான் கொடுத்தார்கள். பந்தியில் இலை போட்டு, சாதம் ஆவி பறக்க வந்து இறங்கியது. ‘அன்னதானம் ஆரம்பிச்சாச்சு’ என்று அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். முழுங்கி மைக்கைத் தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், அறிவித்தார்: “அன்னதானம் ஆச்சு.”

வெளியே வெயிலில் வரிசையில் நின்ற கூட்டம் முழுவதும், முடிந்துவிட்டதாம் என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனது. கமிட்டி உறுப்பினர்கள் வீட்டில் அதற்கப்புறம் பல வேளைக்குச் சாம்பார் சாதம்தான். தலைவர் வீட்டு நாய்கூடக் கடைசியில் சாம்பாரைக் கண்டால் எழுந்து போய்விடும் என்று கேள்வி.

இதெல்லாம் விளையாட்டு. ஒரு சாயங்காலம் விளையாட்டாக இல்லை. ஒரு தாய் வேலையிடத்திலிருந்து போன் போட்டு, பையன் வேனை விட்டு இறங்கிவிட்டானா என்று கேட்டிருக்கிறாள். பையன் எறங்கிட்டான் என்று இவர் சொல்லியிருக்கிறார். ‘ங்கி’ எங்கே போனதென்று உங்களுக்குத் தெரியும். அந்தம்மாள் காதில் விழுந்தது ‘எறந்துட்டான்’. வேலை செய்த சலூனில் ஒருத்தியின் முடியில் ஒரு பக்கம் சுருள் கட்டியும் இன்னொரு பக்கம் கட்டாமலும் விட்டுவிட்டு அவள் தெருவோடு அழுதுகொண்டு ஓடி வந்தாள். பையன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஐஸ் கச்சாங் தின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவள் முழுங்கியைத் திட்டிய திட்டில் நடு எழுத்து ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதற்குப்பின் தாய்மார்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள்: அண்ணன் வாயால் எதுவும் சொல்லக்கூடாது, பிள்ளை இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பினால் போதும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேனிலிருந்து பிள்ளைகளை யாரும் நிறுத்தவில்லை. எந்தப் பிள்ளை நாய்க்குப் பயப்படும், எந்தப் பிள்ளைக்கு மழை பிடித்தால் மூச்சு இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். நாய்க்குப் பயப்படும் பிள்ளையைக் கையைப் பிடித்துப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பிள்ளைகளுக்கோ அவர் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. சரஸ்வதி டீச்சரை அவர் சர்தி டீச்சர் என்பார், வேன் முழுவதும் சர்தி டீச்சர் என்று சொல்லும். சர்தி என்றால் வாந்தி என்று டீச்சருக்குத் தெரியும். டீச்சர் கடைசிவரை அதைப் பெரிதுபடுத்தவில்லை, பெரிய மனசு.

இந்த நிலையில்தான் ஒரு நாள் அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“கிரண்ணே, பல்கழகத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்துருக்கு. நம்ம ப்ளாக்ல எல்லார் வாயையும் பாக்கணுமாம்.”

பல் கழகம். இலவசப் பரிசோதனை. மக்கள் நலத்துக்காக யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று மனம் குளிர்ந்து, மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்தாள். நான் வாயை அகலத் திறந்து காட்டினேன். அவள் கொஞ்சம் திகைத்து, அதற்குள் மைக்கை நீட்டினாள்.

பல்கலைக்கழகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெயர் யாழினி. மொழியியல் படிக்கிற மாணவி. பினாங்குத் தமிழர் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய வந்தவள். என்னிடம் சிறிது நேரம் பேசிப் பார்த்துவிட்டு, “அங்கிள் பேசுறது அரசாங்க லெட்டர் மாதிரி இருக்கு, இது எனக்கு உதவாது,” என்று மைக்கை அணைத்துவிட்டாள். கீழ்மாடியில் முழுங்கி வாயைத் திறந்தார். அவ்வளவுதான். புதையல் எடுத்தவள் முகம் எப்படி இருக்குமென்று அன்று பார்த்தேன். அதற்கப்புறம் பள்ளி நாள்களில் அவள் வேனின் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். இவர் பேசினால் பதிவு, ஹாரன் அடித்தாலும் பதிவு.

வேலை முடிந்ததும் கண்டுபிடிப்பைச் சொல்ல முழுங்கி வீட்டுக்கு வந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். முழுங்கியின் மனைவி வசந்தி கோப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். யாழினி உற்சாகத்தில் எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிட்டாள்.

“ஆன்ட்டி, அங்கிள் வேகமாப் பேசறப்ப நடுவுல உயிர் போயிடுது. மெய் மட்டும்தான் நிக்குது.”

உயிர் என்றால் உயிரெழுத்து, மெய் என்றால் மெய்யெழுத்து என்று இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும். வசந்திக்கு அந்த நேரத்தில் இலக்கணம் ஞாபகம் வரவில்லை. கோப்பித் தட்டோடு அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். இந்தக் கதையில் உண்மையாகவே மயங்கி விழுந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்பார்கள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைத்த பிறகு, யாழினி நிதானமாக விளக்கினாள். சொல்லுகிறேன் என்பது சொல்றேன் ஆகிறது. நடுவில் இருந்த உயிரெழுத்து போய், விலகி நின்ற இரண்டு மெய்யெழுத்துகள் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலுக்கு இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்று பெயர். எல்லாரும் செய்வதுதான், ஆனால் அங்கிளைப் போல யாரும் செய்வதில்லை. சொல்லின் நடு எழுத்து குறைந்தால் இடைக்குறை. வசந்தி தெளிந்துவிட்டார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறுதியானது, ஏனென்றால் அவர் கணவரின் இடையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“கவிஞருங்க செஞ்சா இடைக்குறை, நீங்க செஞ்சா முழுங்குறதா?” என்றாள் யாழினி. “இங்கிலீஷ்லயும் இதுக்குப் பேர் இருக்கு அங்கிள். சிங்கபி.”

முழுங்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்ததா என்று கேட்டார். இல்லை, கிரேக்கத்திலிருந்து வந்தது என்றாள். எங்கிருந்து வந்தால் என்ன, உள்ளே ஒரு சிங்கம் இருக்கிறது. அது அவருக்குப் போதுமாக இருந்தது. அன்றிரவு எங்கள் ப்ளாக்கில் அவர் தட்டாத கதவில்லை. “எனக்கு சிங்பி இருக்கு,” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். அந்தச் சொல்லின் நடுவையும் விட்டுவைக்கவில்லை.

யாழினி ஒரு கருத்தரங்கில் இதைப் பெரிய சுவரொட்டியாக வைத்தாள். நடுவில் முழுங்கியின் படம், வாய் பாதி திறந்தபடி. மேலே ஆங்கிலத்தில், தூரத்திலிருந்தும் தெரியும் எழுத்தில், சிங்கபி. கீழே கண்டறிந்த விவரங்கள்: அடிக்கடி நிகழ்கிறது; உணர்ச்சிவசப்பட்டால் அதிகரிக்கிறது; நிகழ்வதை அவரே உணர்வதில்லை; தந்தைக்கும் இருந்திருக்கிறது; அக்கம்பக்கத்தாரிடமும் காணப்படுகிறது. கருத்தரங்கு முடிந்ததும் ஒரு பிரதியை அவருக்கே கொடுத்துவிட்டாள். முழுங்கி அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு, வேனின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

இப்போது நீங்கள் அந்த வேனுக்குப் பின்னால் காலை நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒரு காரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நர்ஸ். உங்களுக்குத் தெரிந்த சிங்கபி ஒன்றே ஒன்றுதான்: மூளைக்கு இரத்தம் போவது சட்டென்று குறைந்து, மனிதன் நின்ற இடத்திலேயே நினைவு தப்பி விழுவது. மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. எதிரே பள்ளிப்பிள்ளைகள் நிறைந்த வேன். கண்ணாடியில் அதன் ஓட்டுநரின் படம், அரைவாய் திறந்து, மயங்கப்போகிறவர் மாதிரி. அவருக்கு அடிக்கடி சிங்கபி வருமாம், வருவது அவருக்கே தெரியாதாம், கோபம் வந்தால் கூடுமாம்.

அந்த நர்ஸ் படம் பிடித்து, வண்டி எண்ணோடு புகார் அனுப்பினார். சரியான காரியம். அவர் இடத்தில் நானாக இருந்தால் மூன்று பிரதி அனுப்பியிருப்பேன்.

விதிப்படி உரிமம் நிறுத்தப்பட்டது. முழுங்கியின் வேன் தொடர்ந்து ஓட, உரிமம் உள்ள அவருடைய மச்சானைக் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரவழைத்தார்கள். மச்சானுக்குத் தீவில் வழி தெரியாது. முழுங்கி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். அந்தப் பக்கம் என்றாலும் இந்தப் பக்கம் என்றாலும் அவசரத்தில் தலையையும் சேர்த்து விழுங்கி, அவர் வாயில் கடைசியில் ‘பக்கம்’தான் மிஞ்சும். மச்சான் கேட்டுக் கேட்டுப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வண்டியை விட்டார். பள்ளி மணி அடித்தபோது வேன் ஃபெரி ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் கைதட்டவில்லை. மிகவும் மரியாதையாக முழுங்கியைக் கூப்பிட்டு, புதுத் தவணை தொடங்குவதற்குள் உரிமம் திரும்ப வராவிட்டால் இந்த வழியை வேறு வேன்காரருக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்று சொன்னார்.

அன்றைக்கு முழுங்கி மாடியேறி வந்தபோது எதையும் விழுங்கவில்லை, ஏனென்றால் எதுவும் பேசவில்லை. என் சோபாவில் உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இது என் துறை என்று நான் சட்டையை மாட்டினேன்.

மருத்துவப் பரிசோதனைக்குத் துணையாகப் போனேன். துணைக்கு வருகிறவர் நோயாளிக்காகப் பதில் சொல்லக்கூடாது என்பது நடைமுறை; அதை மதித்து வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு நடைமுறையை மதித்ததற்காக நான் வருந்தியது அந்த ஒரு நாள்தான். டாக்டர் இளம்பெண், தமிழர், ஈப்போவில் வளர்ந்தவராம். நோயாளிக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்தை விட்டுவிட்டு நல்ல மனசோடு தமிழில் கேட்டார்.

“அங்கிள், உங்களுக்கு மயக்கம் வருமா?”

முழுங்கியின் முகம் மலர்ந்தது. டாக்டருக்குக்கூட இலக்கணம் தெரிந்திருக்கிறதே என்ற மலர்ச்சி.

“வரும் டாக்டர்.”

“எப்பல்லாம் வரும்?”

“வாயத் தொறந்தாலே வரும். நல்லாப் பேசிட்ருப்பேன், நடுல உயிர் போய்டும். மெய்தான் நிக்கும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “மெய்யாவா அங்கிள்?”

“மெய்யேதான்.”

“அப்புறம் எப்படித் தெளியும்?”

“அடுத்த வார்த்தைல தெளிஞ்சிடும்.”

“வண்டி ஓட்டறப்ப?”

“அப்பதான் ஜாஸ்தி. மோட்டோர்க்காரன் குறுக்க வந்தா இன்னும் ஜாஸ்தி லா.”

“வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியவே தெரியாது. அதான் விசேஷம்னு பல்கழகத்துல சொன்னாங்க.”

“பல் டாக்டர் எதுக்கு இதப் பாத்தாங்க?” என்று டாக்டர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு எழுதினார். “வீட்ல வேற யாருக்காச்சும் இருக்கா?”

“அப்பாக்கு உண்டு. எங்க ப்ளாக்ல பாதிப் பேருக்கு உண்டு. இந்தா, கிரண்ணேக்கும் அப்பப்ப வரும்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் இனி நடைமுறையாவது மண்ணாவது என்று வாயைத் திறந்தேன். “நீங்க பேசாதீங்க அங்கிள், மெதுவாப் படுங்க,” என்று சொல்லி என் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டார். அழுத்தம் அதிகமாக இருந்தது. எப்படி இல்லாமல் இருக்கும்?

படுத்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். உயிர் என்றால் எழுத்து, மெய் என்றால் எழுத்து, மயக்கம் என்றால் எழுத்துகள் கூடி நிற்பது. டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா வேன்ல இருக்கிறது பிள்ளைங்க அங்கிள். டெஸ்ட் எடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார். சரியான அதிகாரியைக் கண்டால் எதிர்த்துப் பேசத் தோன்றாது.

முழுங்கியின் நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், ஒரு முழுநாள் இடுப்பில் கருவி கட்டி அனுப்பினார்கள். அந்தக் கருவியோடு அவர் சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டார். கருவி அதையும் தாங்கியது. எல்லா முடிவும் வந்தன. இதயம் எருமை மாட்டுக்கு இருப்பது போல. மூளையில் ஒரு குறையும் இல்லை. படத்தில் மூளை இருந்தது பற்றி எங்கள் ப்ளாக்கில் சிலர் வியப்புத் தெரிவித்தார்கள்.

டாக்டர் சான்று எழுதினார். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. புகாரில் அந்தச் சொல் இருப்பதால், தனக்கு சிங்கபி இல்லை என்று ஓட்டுநர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அலுவலகம் கோப்பை மூடிவிடும். நான் அந்த வரியை அழகாகத் தட்டச்சு செய்து கீழ்மாடிக்கு எடுத்துப்போனேன். பேனாவையும் மூடியைக் கழற்றித்தான் கொடுத்தேன்.

முழுங்கி படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“இல்லாததைத்தானே இல்லன்னு எழுதச் சொல்றாங்க?” என்றார் வசந்தி. “வண்டி போனா நாளைக்கு யாரு உங்களை வேலைக்கு வெப்பா? ஒரு கையெழுத்துதானே, போடுங்களேன்.”

முழுங்கி மனைவியைப் பார்த்தார். அப்புறம் பேசினார். அதை இன்றும் என்னால் அப்படியே சொல்ல முடியும், ஏனென்றால் என் காதில் முழுசாக விழுந்த அவருடைய முதல் பேச்சு அது.

“நாலாம் வகுப்புல வாத்தியார் என்னை எழுந்து படிக்கச் சொன்னாரு. படிச்சேன். அன்னைக்கு வெச்ச பேரு முழுங்கி. என் கல்யாணப் பத்திரிகையிலகூட என் பேருக்குப் பக்கத்துல அதையும் போட்டாங்க, இல்லாட்டி ஆளு யாருன்னு தெரியாதுன்னாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு பொண்ணு என் பக்கத்துல உக்காந்து, நீங்க முழுங்கலை அங்கிள், இதுக்கு இலக்கணத்துல பேரு இருக்குன்னு சொல்லிச்சு. அது எனக்கு இல்லைன்னு என் கையாலயே எழுதிக் கொடுக்கச் சொல்றியா?”

ஒரு உயிர் போகவில்லை. ஒரு மெய் முட்டவில்லை. எல்லா எழுத்தும் வரிசையாக வந்து நின்றன. வசந்தி உள்ளே போய் அடுப்பை மூட்டினார். எங்கள் மூன்று பேருக்கும் கோப்பி வந்தது. நான் கோப்பியைக் குடித்தேன், நான் தட்டச்சு செய்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விதிகளோடு வாழ்ந்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கேட்ட கேள்விக்கு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றால், கேள்வியைத்தான் திருத்த வேண்டும். அன்று மாலை நானும் யாழினியும் உட்கார்ந்து புது அறிக்கை எழுதினோம். மலாயில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: “எனக்கு சிங்கபி உண்டு. அது என் பேச்சில் உண்டு. தலையிலோ நெஞ்சிலோ இல்லை. நடுவில் விழுவது என் சொற்களின் உயிரெழுத்து, நான் அல்ல. அவை விழும்போதெல்லாம் நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.” கீழே யாழினி சொல்லின் இரண்டு பொருள்களையும் விளக்கிக் கையெழுத்திட்டாள். டாக்டர் ஒருமுறை படித்துவிட்டு, “எங்க புஸ்தகத்துல இந்த அர்த்தத்தைச் சொல்லவே இல்லையே,” என்றார். இன்னொரு முறை படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

முழுங்கிக்கு முதல் வரி ரொம்பப் பிடித்துவிட்டது. “மொத வரி ஜோர்ணே,” என்று கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் காத்திருப்பு. அறிக்கை மருத்துவப் பிரிவுக்குப் போனது. இது மொழி சம்பந்தப்பட்டது என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த அலுவலகத்தில் மொழிக்கென்று பிரிவு எதுவும் இல்லாததால், அது மறுபடியும் மருத்துவப் பிரிவுக்கே போனது. தாமதமின்றி என்று விதியில் ஒரு சொல் இருக்கிறதே, அதன் நடுவை இவர்களும் விழுங்கிவிட்டார்களோ என்று தோன்றியது. நான் முகப்புக்குப் போய் நிற்பேன். அங்கே இருந்த இளைஞன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “பக்சிக், சபார் லா,” என்பான். பெரியவரே, பொறுங்கள் என்கிறான். என் காலத்தில் நானும் எத்தனை பெரியவர்களை இப்படிப் பொறுக்கச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

புதுத் தவணை நெருங்கியது. வேறு வேன்காரர் பள்ளி வாசலில் வந்து இடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார். முழுங்கி காலையில் எழுந்து வேனைக் கழுவுவார், பின்கண்ணாடியைத் துடைப்பார், சாவியைப் போட்டு ஓட்டாமலே இயந்திரத்தைச் சூடாக்குவார், அணைப்பார். சுவரொட்டியை மட்டும் எடுக்கவில்லை. எடுத்துவிடேன் என்று சொல்ல நான் ஒருமுறை கீழே இறங்கினேன். அவர் அதன் ஓரத்தில் பிரிந்திருந்த பிளாஸ்டிக்கைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். வேன் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஊரெல்லாம் தண்ணீர்ப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் மாடியேறி வரும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக ஏறுகிறார் என்று தெரிந்தது, ப்ளாக்கே அதிர்ந்தது. கையில் உறை. பிரிக்கவில்லை. நான்தான் பிரிக்க வேண்டுமாம்.

பிரித்துப் படித்தேன். உரிமம் திருப்பித் தரப்படுகிறது. புதுத் தவணை இன்னும் தொடங்கவில்லை, பள்ளி வழி அவர் கையை விட்டுப் போகவில்லை. கீழே குறிப்பு என்று ஒரு வரி: ஓட்டுநரின் பேச்சில் சிங்கபி உண்டு, அது வாகனம் ஓட்டத் தடையில்லை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. இனி உலகத்தில் எவனும் அதை முழுங்குவது என்று சொல்ல முடியாது. அந்தக் குறிப்பை அவர் என்னை மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தேன். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்பச் சந்தம்ணே,” என்றார். “ரொம்பச் சந்தம்.”

சந்தோஷத்தின் நடுவை விழுங்கினால் சந்தம் மிஞ்சும் என்று அதுவரை நான் கவனித்ததில்லை. திருத்தவில்லை. கீழே வசந்தி வேன் ஹாரனை அடிப்பது கேட்டது, மாடி மாடியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், யாரோ முழுங்கி அண்ணே என்று கத்தினார்கள். எவ்வளவு தாமதமாக வந்தது அந்தப் பதில் என்று யாராவது கேட்டால் நான் கணக்குச் சொல்வதில்லை. எனக்கும் ரொம்பச் சந்தமாக இருந்த நாள் என்றுதான் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள்.